குறாங் மானிஸ்

மடிக்கணினியை மூடவில்லை.
கடைகடையாய்ச் சாம்பிராணி காட்டுகிறவர்போல்
இரு கையாலும் ஏந்திக்கொண்டு
ஜார்ஜ் டவுனின் ஐந்தடி நடையில் போகிறேன்.
வாசலுக்கு வாசல் நின்று
திரையைப் பார்த்து
நகர்கிறேன்.

பெயர்களுக்குக் குறைவில்லை.
ஒரு பல் மருத்துவர். ஒரு சவப்பெட்டிக் கடை.
மூன்றாம் மாடியில் யாரோ
'திருடாதே' என்று மலாயில் பெயர் வைத்திருக்கிறார்.
எல்லாவற்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டு.

கோயம்புத்தூரில் காத்திருக்கிறார்கள்.
ஆறு பம்புகளின் வரைபடம், விலைப்பட்டியல்,
இருநூற்றுப் பன்னிரண்டு எம்.பி.
ஐந்து மணிக்குள் கட்டாயம் என்றார் தண்டபாணி சார்.
அங்கே ஐந்து என்றால் இங்கே ஏழரை.
அந்த எண்ணைக் கேட்டதுமே
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படகுத்துறையில்
பட்டர்வொர்த் படகோடு வந்தது சிக்னல்.
ஆள் இறக்கி ஆள் ஏற்றும்வரை
பதினொரு சதவீதம் போனது.
பிறகு படகோடு அதுவும் அக்கரைக்குப் போய்விட்டது.

குளிரூட்டிய காப்பிக்கடையில்
பதினாறு ரிங்கிட்டுக்கு ஒரு கோப்பை, ஒரு ரசீது,
ரசீதின் அடியில் எட்டு எழுத்து.
மூன்றாவது பூஜ்ஜியமா, ஓ-வா?
ஓ-தான்.
கண்டுபிடித்தபோது தந்த அரைமணி தீர்ந்திருந்தது.

மழை.
காதர் மீரா கடையில் ஒதுங்கிக் கேட்டேன்.
"தே ஓ குறாங் மானிஸ்" என்றார்.
பாலில்லாமல், இனிப்புக் குறைவாய்.
அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும்.
வேண்டாங்க, இப்பத்தான் காப்பி குடிச்சேன் என்றேன்.
"அது பாஸ்வேர்டுங்க.
எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி விடாதீங்க."
குடிக்கவும் ஒன்று வந்தது.
இனிப்புத் தூக்கலாக.

"இங்க வராது, பின்னாடி போங்க."
மீன்தலைக் குழம்புச் சட்டிகளைத் தாண்டி
தட்டு கழுவும் இடத்தில்
ஒரு கவிழ்த்த எண்ணெய் டின்.
அதன்மேல் உட்கார்ந்தால் இரண்டு கோடு.
அந்த இரண்டு கோட்டில்
ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.
ஷொஹாக். ஊர் பரிசால்.
குழாய்க்கு மேலே சாய்த்துவைத்த செல்லில்
முன்பல் விழுந்த ஒரு சிறுமி
நோட்டைப் பிடித்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

நான் 'அனுப்பு' அழுத்தினேன்.

அவள் வாய் திறந்தபடி நின்றாள்.

நாற்பது. அறுபத்தைந்து.
நுரைக் கையால் அவர் செல்லைத் தட்டினார்.
தகரக் கூரையைப் பார்த்து
"ஊஜான்" என்றார். மழை.
"ஊஜான்" என்றேன் நானும்.
நிறுத்தும் பொத்தான்
என் விரலுக்கு நேர் கீழே இருந்தது.
எண்பத்தெட்டு.
அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

ஏழு இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.
சிறுமி அசைந்தாள்.
நோட்டு மூடியிருந்தது.
கை காட்டிவிட்டு யாரிடமோ ஓடினாள்.

ஏழு நாற்பதுக்குப் பதில்:
"கிடைத்தது. திங்கட்கிழமை பார்க்கிறேன்."

தேநீர் ஆறிப்போயிருந்தது.
அடியில் கரையாத சர்க்கரை.
குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினேன்.
சிரித்தபடி வாங்கி
அதையும் கழுவினார்.