ஒன்பதும் பதினொன்றும்

பண்டாரவளையில் மரக்கறி ஏற்றித் திரிந்த வான் இது.
ஏற்றத்துக்கென்றே பல்லு வைத்தது.
நின்ற இடத்தில் ஒரு மிதி மிதித்தால்
கயிறு அறுத்த கடாவாய்ப் பாயும்.
மீனும் ஐசும் அறுநூறு கிலோ,
கல்லடிப் பாலத்தில் கியர் இறக்காமலே ஏறும்.
ஆனால்
பாலத்தை விட்டால் மட்டக்களப்பில் ஏற என்ன இருக்கிறது?
வாவிக்குச் சமமாய்ப் படுத்த றோட்டு.
அறுபதைத் தொட்டால் அலறல்.
இதற்கு மேலும் ஒரு கியர் இருக்கவேண்டுமென்று
இடது கை தேடிப்போய்
வெறுங்காற்றைப் பிடித்து வரும்.

ஏறாவூர்க் கராஜில் சஹ்பான்
பின்சில்லு இரண்டையும் உயர்த்தினான்.
தண்டில் ஒரு சோக்குக்கோடு, ரயரில் ஒரு சோக்குக்கோடு.
"கிறுக்குங்க அக்கா, மெல்ல."
சில்லு ஒருதரம் கிறுக
தண்டு நாலரைதரமும் இன்னும் கொஞ்சமும் கிறுகியது.
"சில்லு ஓரடி வைக்க எஞ்சின் நாலரை அடி நடக்குது.
அதால பாரம் தெரியாது.
நடந்த கூலி டீசல்தானே."

பெரிய பல்லுச்சில்லில் நாற்பத்தொன்று.
சின்னதில் ஒன்பது.
ஒன்பதைக் கழற்றிப் பதினொன்று போட்டான்.
இரண்டும் சோடியாய்த்தான் மாறவேண்டுமாம்,
வேறொன்றோடு தேய்ந்த பல்லு
புதுப்பல்லோடு ஒத்துப்போகாதாம்.
என் காதில் கிடந்தது அடகுக்குப் போனது.

வான் அமைதியானது.
அறுபதில் என் முணுமுணுப்பு எனக்கே கேட்டது.
பஸ்ஸை முந்தப் போனால் மட்டும்
யோசித்துத்தான் புறப்படும்.

சனிக்கிழமை கொப்பியைத் திறந்து கூட்டினேன்.
முன்பு லீற்றருக்கு ஒன்பது.
இப்போது எட்டு தசம் ஆறு.
திரும்பவும் கூட்டினேன்.
எட்டு தசம் ஆறு.

சண்டைக்குத்தான் போனேன்.
சஹ்பான் ஒன்றும் சொல்லவில்லை,
கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீற்றில் ஏறினான்.
"மீற்றரப் பார்க்காதீங்க. கட்டைய எண்ணுங்க."
செங்கலடிச் சந்தி கழிய, பதுளை றோட்டில்
மாடு உரசி நின்ற கட்டை,
எழுத்து உதிர்ந்த கட்டை,
புல்லுக்குள் பாதி புதைந்த கட்டை,
ஒன்றைத் தவறவிட்டோமென்று திரும்பிப்போய் எண்ணிய கட்டை.
பதினொன்று முடிய
மீற்றரில் ஒன்பது.

மீற்றரின் கம்பி கியர்ப்பெட்டியின் வாலில் கொளுவியிருக்கிறது.
அதற்கும் பின்னால் பல்லு மாறியதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.
பழைய வானுக்குள்ளேயே இருந்துகொண்டு
பழைய தூரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது, பாவம்.

எட்டு தசம் ஆறு இல்லை, பத்தரை.
லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் ஆதாயம்.
அப்படியென்றால்
அறுபதென்று நினைத்து நான் எழுபத்துமூன்றில் போயிருக்கிறேன்.
வந்தாறுமூலையில் பொலிஸ்காரர் எழுதித் தந்த துண்டு
சரியான துண்டுதான்.
அவரை ஏசியது வீண்.

கழற்றிய சோடியைச் சாக்கில் சுற்றித் தந்தான்.
கை இறங்கும் பாரம்.
காற்றுக்கு எழும்பாமலிருக்க
ஐஸ்பெட்டி மூடியின்மேல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லுணுகலைக்கு ஓடர்.
மகாஓயா வரை சிரித்துக்கொண்டு போனேன்.
பிபிலை கழிந்து வளைவு தொடங்க
மூன்றாம் கியர் மூச்சு வாங்கியது.
இரண்டாம் கியர் அலறியது, அதே பழைய அலறல்.
ஒன்றில் ஊர்ந்தேன்.
நாலு நாள் மட்டத்தில் மிச்சம்பிடித்த டீசல்
வளைவுக்கு வளைவு கறுப்புப் புகையாய்
கண்ணாடிக்குள் தெரிந்தது.
கிளச் கருகும் மணம் பாரைமீனையும் மிஞ்சியது.
பின்கதவால் ஒழுகிய ஐஸ்தண்ணி
ஒரு மெல்லிய கோடாய்
மட்டக்களப்புப் பக்கமே திரும்பி இறங்கியது,
என்னைவிட வேகமாய்.

பின்னால், மூடியின்மேல்,
இந்த வானை இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டிய ஒன்பது பல்லு
சாக்குக்குள் சும்மா இருந்து
என்னோடு ஏறியது,
இன்னுமொரு பாரமாய்.