மிச்ச முப்பது

தை பிறந்து ஒன்பதாம் நாள்.
திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையக் கூரையில்
காற்றை உறிஞ்சியபடி ஒரு தகரப் பெட்டி.
உள்ளே வாசலீன் பூசிய கண்ணாடித் துண்டு.
நேற்றிரவு எங்கள் தலைக்கு மேலால் போனதெல்லாம்
அதில் ஒட்டிக் கிடக்கிறது:
செம்பாட்டுத் தூசி, புல்லின் மகரந்தம்,
ஒரு ஈசலின் கிழிந்த செட்டை,
ஆரோ குப்பை எரித்த கரி.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கிறேன்.
நாலாவது வரிசையில் அவை,
எலுமிச்சம்பழ வடிவில், நுனி கொஞ்சம் துருத்தி.
ஒன்று. மூன்று. பதினொன்று.

பிந்திய வெளிறல் என்று பெயர்.
அது ஒருநாளும் பிந்தினதில்லை.
பிந்துவது நாங்கள்.

ஈரப்பதன் தொண்ணூறுக்கு மேல், பதினொரு மணித்தியாலம்.
காலை எட்டரை மட்டும் இலை காயவில்லை.
இருபது பாகை: கிழங்குக்கும் சுகம், அதுக்கும் சுகம்.
அச்சுவேலியில் வெள்ளிக்கிழமை மூன்று பாத்தி கறுத்தது.
அங்கிருந்து வாடையோடு ஒரு கோடு கீறினேன்,
புத்தூர், நீர்வேலி, உரும்பிராய் என்று.
கோட்டின் இரு கரையும் பென்சிலால் நிழல்.
நிழலுக்குள் நூற்றிப் பன்னிரண்டு தோட்டம்.

வானத்தால் வருவதைச் சத்தத்தில் பிடித்து
பங்கருக்குள் ஓடப் பழகின ஊர் இது.
இதுக்குச் சத்தம் இல்லை.
அதனால் கைத்தொலைபேசிகள் ஒருமிக்கச் சிணுங்கின:
இரண்டு நாளுக்குள் எழுபது வீதச் சாத்தியம், மருந்தடிக்கவும்.

நீர்வேலியிலிருந்து அருந்தவராசா எடுத்தார்.
"பிள்ளை, எழுபதெண்டால்
மிச்ச முப்பது ஆற்றை தோட்டத்திலை?"

தோட்டக் கணக்கல்ல ஐயா,
இதே மாதிரிப் பத்து இரவு வந்தால்
ஏழில்...
"எனக்கு இருக்கிறது இந்த ஒரு இரவுதானே."
மருந்துப் பக்கெற்றின் விலையைச் சொன்னார்,
போன வருசத்து விலையையும் சொன்னார்.
வைக்க முதல்,
"உங்கடை கிழங்கெண்டால் அடிப்பியளோ?"
அடிப்பன் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
என்னிடம் தரவு இல்லை.

ஒரு கிழமையாகிறது.
நிழலுக்குள் எல்லாம் பச்சை.
மருந்து காத்ததோ, வித்து வழியில் வெயில்பட்டுச் செத்ததோ,
எனக்கும் தெரியாது.
வராத நோய்க்குச் சாட்சி கிடையாது.
சங்கக் கடையில் சிரிக்கிறார்களாம்:
காத்துக்குச் சாத்திரம் பார்க்கிற கந்தோர்.

புன்னாலைக்கட்டுவனில் சிரிக்கவில்லை.
அந்த இரண்டாம் சாமம், ஒன்றே கால் மணித்தியாலம்,
காற்று கிழக்கால் திரும்பி அடித்திருக்கிறது.
பதிவில் இருக்கிறது. பிறகுதான் பார்த்தேன்.

விமலாம்பிகையின் நாலு பரப்பும்
வெந்நீர் ஊற்றின மாதிரி.
அவ அழவில்லை, ஏசவுமில்லை.
ஒரு இலையைப் பிரட்டி
அடியில் பூத்த வெள்ளையைக் காட்டினா.
பிறகு மெதுவாய்,
"என்ரை நம்பர் உங்களிட்டை இருக்கோ எண்டு
ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன்.
இருந்தது.
நூற்றிப் பதின்மூன்றாவதாய்,
கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே.

இன்றைக்கும் பனி இறங்குகிறது.
புதுக் கண்ணாடிக்கு வாசலீன் பூசியாயிற்று.
பென்சிலைக் கூராக்கவில்லை;
நிழலை அகலமாய்த் தீட்ட மொட்டை முனைதான் தோது.
அகலிக்க அகலிக்கப் பொய்யும் கூடும்.
அருந்தவராசா திரும்ப எடுப்பார்.