மீந்த அழைப்பிதழ்கள்

வண்ணார்பேட்டை அச்சகத்தில் ஐந்நூறு அடித்தது.
கொடுத்தது நூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் பீரோவுக்கு அடியில்
இரண்டு வருசமாய்
அந்துருண்டை வாசம் பிடித்துக் கிடந்தது.

கனத்த அட்டை. ஓரம் மட்டும் மஞ்சள் ஜரிகை.
மடித்தால் முறியும், வளையாது.
இதைவிட நல்ல பெப்டைடு தளம்
பாளையங்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நேற்று ராத்திரி கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
ஒரு துண்டுக்கு ஆறு அணு:
இந்த மூலையில் ஒரு கார்பன், எதிர்மூலையில் ஒன்று,
நடுவில் கார்பனும் நைட்ரஜனும் கைகோத்து,
மேலே ஆக்சிஜன், கீழே ஹைட்ரஜன்.
கைகோத்த இடம்
ஒற்றைக் கட்டும் இல்லை, இரட்டைக் கட்டும் இல்லை,
ரெண்டுக்கும் இடையில்
எலெக்ட்ரானைப் பங்குவைத்துக் கெட்டிப்பட்டது.
அங்கே முறுக்கக் கூடாது.

முறுக்க வேண்டியது மூலையில்.
மூலைக் கார்பனுக்குத் தெர்மோகோல் உருண்டை,
இரு பக்கமும் கம்பி,
கம்பிக்குச் சைக்கிள் வால்வு ட்யூப்.
ஒரு உருண்டைக்கு இரண்டு கீல்,
ஃபை, சை என்று பெயர்.
பெயர் சொன்னவுடன் மூன்றாமாண்டுக் கடைசி பெஞ்சு
சிரித்தது, எப்போதும்போல்.

ஒவ்வொரு இணைப்புக்கும்
ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும் என்றேன்.
"ஆத்துல தண்ணி வடிஞ்சாத்தான
தரைப்பாலம் தெரியும், அது மாதிரியா டீச்சர்?"
கேட்டது மேலப்பாளையம் மைதீன் பாத்து.
அது மாதிரி இல்லை. ஆனாலும்
அரை மார்க் கொடுக்கலாம் போலிருந்தது.

அவளே ஒரு கீலை முழுக்கத் திருப்பப் பார்த்தாள்.
ஆக்சிஜன் போய் ஆக்சிஜன்மேல் இடித்தது.
"ஏட்டி, முட்டுது" என்றாள் அமலபுஷ்பம்.
கரும்பலகையில் சதுரம் போட்டேன்,
முந்நூற்றறுபதுக்கு முந்நூற்றறுபது.
முட்டாத இடத்தைச் சாக்கட்டியால் தேய்த்தால்
இரண்டு மூன்று திட்டு, பனங்கூட்டம் மாதிரி.
மற்றதெல்லாம் திசையன்விளைத் தேரி.

கிளைசினுக்கு மட்டும் சலுகை:
தோளில் ஒரு ஹைட்ரஜன் தவிர சுமை கிடையாது,
யாரும் போகாத மூலைக்கும் போய்வரும்.
புரோலின்
தன் கையைத் தன் முதுகிலேயே கட்டிக்கொண்டது.

"திருவளர்ச்செல்வன்னு போட்டிருக்கு.
யாரு டீச்சர்?"
"ஆறாவது நைட்ரஜன்."
யாரும் சிரிக்கவில்லை. அமலபுஷ்பம்
ஏழாவது துண்டில் என் பெயரின் பாதியைப் பார்த்துவிட்டு
மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

சங்கரன்கோவில்காரர்கள் சொன்னது ஒன்றுதான்:
பொண்ணு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்.
எந்த ஊர், யார் வீட்டு மாடி, என்ன குழம்பு,
எல்லாம் கீல்தான், திருப்பியிருப்பேன்.
இந்தக் கரும்பலகையை விடச் சொன்னார்கள்.
அவர்கள் பிடித்தது நடுவில்.

பிற்பகல் கரண்ட் போனது.
ஆனிக்காற்று ஜன்னலை அடித்தது.
எல்லாக் கீலையும் ஒரே மாதிரி வையுங்கள் என்றேன்,
ஃபை மைனஸ் அறுபது, சை மைனஸ் நாற்பத்தைந்து,
கண்ணளவு போதும்.
சுருளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
நாலாவது துண்டுக்குள் ஒரு சுற்று முடிந்திருந்தது.
முதல் துண்டின் ஆக்சிஜன் பார்த்த திசையில்
மூன்று துண்டு தள்ளி
ஒரு ஹைட்ரஜன் அண்ணாந்து நின்றது.
"தானாவா வந்துச்சு?"
தானாகத்தான்.

சாயந்திரம் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
"என்னம்மா, தோரணமா?" என்றார் கண்டக்டர்.
"புரதம்."
"முட்டையில இருக்குமே?"
"அதேதான்."
நம்பாமலே கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியதும்
ஆற்றுக்காற்று உள்ளே வந்து சுருளைக் குலைத்தது.
உருண்டை உருண்டையாகத் திரும்பிற்று,
'நிகழும் மங்களகரமான' ஒரு பக்கம்,
'சுற்றமும் நட்பும்' இன்னொரு பக்கம்.
துண்டு ஒன்றுகூட மடங்கவில்லை.
ஜங்ஷன் வரைக்கும்
நான் பிடிக்கவே இல்லை.