பதம் பிரித்தல்

கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு
பதினொரு முறை சொல்லிப் பார்த்தாள் கோர்ட்னி ஹேஸ்லெட்.
கொலாஞ்சியோ. கொலாஞ்சியோகார்.
ஒவ்வொரு முறையும் நடுவில் நாக்கு இடறியது,
இருட்டில் படி தவறிய கால் மாதிரி.
காபிக் கோப்பையின் அட்டையில்
துண்டு போட்டு எழுதிக்கொண்டாள்.
படிக்கும் காலத்தில் இது விளையாட்டு:
வாலை முதலில் பிடி, பிறகு தலை, கடைசியில் வயிறு.
'ஐடிஸ்' என்றால் அழற்சி.
'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தாயிற்று.
இந்தக் கேள்விக்கு அவள் மதிப்பெண் இழந்ததே இல்லை.

நீளமான சொல்லில் ஒரு வசதி உண்டு.
கேட்பவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.
"அப்படியென்றால்?" என்பார்.
அந்த இடைவெளியில்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காம் எண் அறையில் நோமிகோஸ்.
டார்பன் ஸ்பிரிங்ஸ் படகுத்துறையில்
முப்பத்தெட்டு வருடம் முங்கிக் கடற்பஞ்சு அறுத்தவர்.
கண்ணின் வெள்ளை இப்போது எலுமிச்சை நிறம்.
அவள் சொன்னாள், ஒரே மூச்சில், தப்பில்லாமல்.
அவர் எதுவும் கேட்கவில்லை.

"ஹொலீ" என்றார். "பித்தம்."
போர்வையின் மேல் ஒரு விரல் வைத்தார்.
"ஆங்கியோ. குழாய், பாத்திரம், ஏதோ ஒன்று."
இரண்டாம் விரல்.
மூன்றாவது எழும்பவில்லை.
"கர்கீனோஸ்.
நண்டுக்கு எங்கள் பழைய பெயர்.
துறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
காவுராஸ் என்போம்.
பழைய பெயர் ராசிக்கும் இதற்கும் மட்டும்தான்."

வெளியே யாரோ புல்வெட்டும் எந்திரத்தைக் கிளப்பினார்கள்.
அது இரண்டு முறை அணைந்து, பிறகு ஓடியது.

"உங்கள் 'கொ' தப்பு, டாக்டர்.
தொண்டையிலிருந்து வர வேண்டும்,
முகமூடிக் கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி."
என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஊதினாள்.
"ஹொ."
"இன்னும் கொஞ்சம்."
"ஹொ."
"ம்."

புரோக்னோசிஸ் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றாள்.
வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

"புரோ, முன்னால்," என்றார் மெதுவாக,
தேர்வறையில் பக்கத்துப் பெஞ்சுக்குச் சொல்லிக்கொடுப்பவர் போல.
"க்னோசிஸ், அறிதல்.
முன்னாலேயே தெரியுமா உங்களுக்கு?"

அவள் தலையை அசைத்தாள்.
அவர் ஊரில் முகவாயைச் சற்று மேலே தூக்கினால்
இல்லை என்று அர்த்தம்.
அவர் அவள் முகவாயையே
பார்த்துக்கொண்டிருந்தார்.