அணில் கடித்த ஒயர்

பேரணாம்பட்டில் தூறினால் நெட் போகும்,
தூறாவிட்டாலும் போகும்.
"அணில் கடிச்சிருக்குதுக்கா,
பெட்டிய அணைச்சிட்டுப் போடுங்க" என்பான்
கேபிள் பூங்காவனம்.
பதினோரு மாதமாக அதே அணில்.
பணத்துக்கு மட்டும்
ஒன்றாம் தேதி, காலை ஏழு மணிக்கே
கதவைத் தட்டிவிடுவான்.

நேற்று ராத்திரி தம்மாமிலிருந்து பேசினாய்.
வாய் பாதி திறந்தபடி
அப்படியே நின்றுவிட்டாய்,
நெற்றியெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.
"பொங்கலுக்கு வர—"
மிச்சம் வரவில்லை.

சிவப்பு விளக்கைத் தட்டிப் பார்த்தேன்.
மொட்டை மாடி ஏறி
முருங்கைக் கிளையில் தொங்கும் ஒயரைத்
துடைப்பக் கட்டையால் தூக்கிப் பிடித்தேன்.
கீழேயிருந்து பையன் கத்தினான்:
"அப்பா அசையறாரும்மா!"

கை கடுக்கிறது.
இறங்கினால் நீ போய்விடுவாய்.
இறங்காவிட்டால்
நீ சொல்வது எனக்குக் கேட்காது.