நான்கெல்லை

சொத்துவரிப் பட்டியலில் அந்தத் தெருவுக்கு
முப்பத்தாறு வீடு.
இரண்டுக்குக் கதவு எண் இல்லை.

அஞ்சலாட்சிக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்:
துளசிங்கம் மனைக்குத் தெற்கு, ஏரிக்கு மேற்கு.
துளசிங்கத்துக்குப் போட்டால்
அஞ்சலாட்சி மனைக்கு வடக்கு,
ஏரிக்கு மேற்கு.
அவளைக் கேட்டால் அவனைக் காட்டுகிறாள்,
அவனைக் கேட்டால் அவளை.

சரி, ஏரியையே கேட்போமென்று
மடிப்பாக்கம் தாண்டி வண்டியை விட்டேன்.
மூன்று பிளாக். நாய்க்குத் தனி லிஃப்ட்.
"இதுதான் ஏரியா?" என்றேன்.
"எந்த ஏரியா சார்?" என்றார் செக்யூரிட்டி.

எக்செல்லில் இரண்டு வரிகள் மட்டும்
மஞ்சளாகவே கிடக்கின்றன.
டெலிவரிக்கு உதவாது, அழித்துவிடு என்கிறாள் சங்கமித்ரை.
அழிக்கத்தான் போனேன்.

அஞ்சலாட்சி, அரையாண்டு வரி
நானூற்றுப் பதினொரு ரூபாய்,
போன செவ்வாய்க்கிழமை
கட்டியாயிற்று.