இரண்டு மணித்தியாலம்

நேற்றிரவு காருக்குள் சண்டை.
கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.
பின் இருக்கையிலேயே கிடந்தது பை,
பைக்குள் மடிக்கணினி.
இன்னும் நாலு தவணை கட்டக் கிடக்கிறது அதற்கு.

லாங்நாவில் ஜனவரி.
மைனஸ் பதினொன்று என்று
மருந்துக்கடைப் பலகை விடிந்தும் சொல்லிக்கொண்டு நின்றது.

சண்டை இதுதான்:
தூனில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டதை
சுகிர்தனுக்கு நான் சொல்லவில்லை.
பிறந்தநாள் வீடொன்றில், கொத்துரொட்டி வரிசையில்
வேறு யாரோ சொன்னார்கள்.
மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.
என் கனம் ஒன்றரைக் கிலோ.
மூன்று மாதம் பயந்து பயந்தே சுமந்தேன்.

ஏழே முக்காலுக்கு அவனே போய் எடுத்துவந்தான்.
குளிர்கிடங்கில் சீஸ் வட்டுத் தூக்குவானே,
அப்படி, அடியில் இரண்டு கையும் கொடுத்து.

பத்து மணிக்கு நேர்காணல். திரையில் மூன்று பேர்.
பையைத் திறந்து வெளியே எடுத்தேன்.
மூடி முழுக்கப் புகார் பூத்தது,
என் ஐந்து விரலும் அதில் பதிந்தன.

"இப்ப போடாதையும்.
உள்ளுக்கும் இப்பிடித்தான் வேர்த்திருக்கும்.
ரெண்டு மணித்தியாலம் பொறும்."

எனக்குள் ஒரு பல்லி சொன்னது:
நான் போவது பிடிக்காதவன்
பொறு என்கிறான்.

தலைமுடி காயவைக்கும் மெசினை எடுத்தேன்.
அவன் பிடுங்கவில்லை,
செருகியைக் கழற்றி வயரைச் சுற்றி வைத்தான்.
ஹீட்டர்மேல் வைக்கப் போனேன்.
ஹீட்டருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான்.

"என்னை நம்ப வேண்டாம், இதைப் பாரும்"
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
பல்கனிப் பனிமேல் வைத்தான்.
நான் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவி முடிக்கிற நேரம்
எடுத்துவந்து போட்டுக்கொண்டான்.
இரண்டு வில்லையும் பால் வார்த்தது போல் வெளுத்தன.
குசினி நடுவில், ஒன்றும் தெரியாமல்,
நின்றபடி சொன்னான்:
"இப்ப எனக்கு உம்மைத் தெரியேல்லை.
அதுக்கும் அப்பிடித்தான்."

சிரிப்பு வந்தது. வெளியே விடவில்லை.

காத்திருந்தோம்.
தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைக்காமல்
ஜன்னல் படியில் வைத்தான்.
சார்ஜர் வயரின் கழுத்து முறிந்து
செம்பு இழை எட்டிப் பார்த்தது. டேப் தேடினேன்.
"சுத்தாதையும், எறியும். என்ரை பொருந்தும்."

மடி என்று யார்தான் பெயர் வைத்தார்களோ.
போர்வைக்குள், மடிமேல், விளக்கணைத்துவிட்டு
அந்த விண்ணப்பத்தை எழுதிய இரவுகளில்
மூச்சு முட்டி இரையும் அதன் விசிறி.
தொடை கொதிக்கும்.
அவன் நித்திரை என்று நினைத்திருந்தேன்.

"பக்கத்திலதானே படுத்திருந்தனான்" என்றான்,
ஜன்னலைப் பார்த்தபடி.
"பதினாலு இரவு."

பதினாலு இரவும்
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இப்போதும் இரண்டு பேரும்
அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.
காய்ச்சல் பார்ப்பது போல்
புறங்கையால் தொட்டுப் பார்த்தான்.
பின்பக்கம் இரண்டு தீப்பெட்டி முட்டுக்கொடுத்தான்,
காற்றுப் போக.
பிறகு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு
வெளியே போய்விட்டான்.

நாற்பது நிமிடம்.
தூன் என்ன சொன்னது என்று இங்கே எழுதப் போவதில்லை.
மூடியின் நடுவில் கைவைத்து, மெல்லச் சாத்தினேன்.
முன்பெல்லாம் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பேன்.

கதவு திறந்தது.
காது சிவந்து, கண்ணாடி இரண்டும் வெள்ளை.
"என்னவாம்?" என்றான்,
நான் இல்லாத பக்கம் பார்த்து.

அவன் கழுத்துத் துணியை வாங்கிக் கொளுவினேன்.
"பொறும்" என்றேன்.